இருபத்து நான்காவது பூ

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் மானக்கேடு. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கோடை மதியம். ஒரு சாப்பாட்டு மேசை, நடுவில் பூ. விருந்தாளி வந்து உட்காரும்வரை அந்தப் பூ வாடாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் கதை.

பூ வாடினால் என்ன குடியா முழுகிப்போகும் என்று கேட்பீர்கள். முழுகத்தான் பார்த்தது. அதை எழுத மூன்று கோடையாக உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். இன்று காலை ஆறு மணிக்குப் பேனாவை எடுத்தேன், கை தானாக ஓடுகிறது. காபி ஆறிப்போய் ஆடை கட்டிக் கிடக்கிறது. பன்னிரண்டே முக்காலுக்குள் முடித்தாக வேண்டும். ஏன் அந்த நேரம் என்பதை இப்போதே சொன்னால் கதை கெட்டுவிடும்.

முதல் வரிக்கு நான் எழுதிப் பார்த்தவை:

"அன்று வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த—" (வெயிலை யார்தான் இப்படி எழுதவில்லை. அடித்தாயிற்று.)

"பூக்களுக்கு மட்டும் வாயிருந்தால்—" (இல்லை. மேலே போ.)

"ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் இருபத்து நான்கு கார்னேஷன் பூக்களையும் இரண்டு தடவை எண்ணினாள்."

மூன்றாவது நிற்கும். அதைப் பிடித்துக்கொண்டு போகலாம், வாருங்கள்.

2

ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் இருபத்து நான்கு கார்னேஷன் பூக்களையும் இரண்டு தடவை எண்ணினாள். சனிக்கிழமை, மதியம் மூன்று மணி. வீட்டிலேயே கொஞ்சமாவது குளிர்ச்சியான இடம் குளியலறைதான். அங்கே பிளாஸ்டிக் முக்காலி போட்டு உட்கார்ந்து, வாளித் தண்ணீருக்குள்ளேயே வைத்து ஒவ்வொரு காம்பையும் சாய்வாக வெட்டினாள். வெளியே வெட்டினால் காம்புக்குள் காற்று புகுந்து தண்ணீர் ஏறாது என்று படித்திருந்தாள். தண்ணீரில் மூழ்கும் இலைகளை எல்லாம் கிள்ளிப் போட்டாள். ஒரு கரண்டி சர்க்கரை, சில சொட்டு எலுமிச்சை. நாளைக்கு மேசையில் வைக்க வேண்டிய கண்ணாடிச் சாடியை வெந்நீரில் போட்டுக் கொதிக்கவிட்டுத் துடைத்து, கவிழ்த்து வைத்தாயிற்று.

எண்ணுவது அவள் பழக்கம்.*

அவளுடைய கணவர், தெருவில் எல்லாருக்கும் பழக்கடைக்காரர், கதவோரம் நின்று பார்த்தார். வீட்டுக்குக் கீழேயே கடை. கடைக்குப் பின்னால் வாழைத் தார்களைப் பழுக்கவைக்கும் குளிர் அறை.

"எதுக்கு இந்தப் பாடு? ஒரு பிளாஸ்டிக் பூவை வச்சா வேலை முடிஞ்சுது."

"பூக்கடை வச்சிருக்கிறவ முன்னாடி பிளாஸ்டிக் பூவா? அதுக்கு நீங்க நேரா அவ வீட்டு வாசலுக்குப் போய்த் திட்டிட்டு வந்துடலாம்."

"சரி சரி, நான் எதுவும் சொல்லல."

"ஃபேனை என்ன செய்யுறதுன்னு சொல்லுங்க. ஃபேன் காத்துல பூ காஞ்சுடும். ஃபேன் இல்லன்னா அக்கா காஞ்சுடுவா."

பழக்கடைக்காரர் நியாயமாக யோசித்தார். "அக்காவுக்குப் போடு. பூ எதுவும் சொல்லாது."

(* தியேட்டரில் ஆபரேஷன் தொடங்கும் முன் பஞ்சு, ஊசி, கத்தரி எல்லாவற்றையும் எண்ணுவார்கள். முடிந்ததும் மறுபடி எண்ணுவார்கள். இரண்டும் ஒத்துப்போனால்தான் டாக்டர் தையல் போடலாம். ஒன்று குறைந்தாலும் அது கிடைக்கும்வரை ஒருவரும் அந்த அறையைவிட்டு நகரக் கூடாது. பதினெட்டு வருஷம் இந்த வேலை பார்த்தவள் வீட்டில் கரண்டியைக்கூட எண்ணித்தான் கவிழ்ப்பாள். இந்த அடிக்குறிப்பைத் தாண்டிப் போய்விடாதீர்கள், கதை இதில்தான் இருக்கிறது.)

3

நர்ஸின் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்வதற்கே கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கு நான்கு வருஷம் முன்னால், சகோதரிகளின் அப்பாவுக்கு இடுப்பு எலும்பில் ஆபரேஷன். நர்ஸ் வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரி. தன் அப்பாவுக்குத் தானே நிற்கக் கூடாது என்பதால் அடுத்த அறையில் வேறு ஆபரேஷனுக்கு நின்றாள், காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்துக்கொண்டு. ஒன்பது மணி நேரம் நின்ற கால்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று கேள்விப்பட்ட அக்கா, கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். கையில் அவளே கட்டிய கார்னேஷன் கொத்து. அப்பாவுக்குப் பிடித்த நிறமாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியது. சந்தோஷத்தில் தரையில் இருந்த சிவப்புக் கோட்டை அவள் கவனிக்கவில்லை. ஒரு கால் உள்ளே வைத்துவிட்டாள்.

அந்தக் கோட்டுக்கு உள்ளே பூ வரக் கூடாது. பூவிலும் அது நிற்கிற தண்ணீரிலும் கிருமி இருக்கும், ஆறாத புண்ணுக்கு ஆகாது. வந்துவிட்டால் திரும்ப வெளியே எடுத்துப் போகவும் கூடாது. நர்ஸ் ஒன்றும் யோசிக்கவில்லை. அக்கா கையிலிருந்து கொத்தை வாங்கினாள், மஞ்சள் குப்பை வாளியின் மிதியைக் காலால் அழுத்தினாள். மூடி திறந்தது, பூ விழுந்தது, மூடி மூடியது. மூன்று வினாடி.

"குப்பையா?" என்றாள் அக்கா. திரும்பிப் போய்விட்டாள்.

அந்த மூன்று வினாடிக்கு நான்கு வருஷம் பேச்சில்லை. அப்பாவைப் பார்க்க இருவரும் வருவார்கள், ஒரே கட்டிலின் இரண்டு பக்கம் உட்கார்ந்து, "அவகிட்ட சொல்லுங்கப்பா" என்று அவர் வழியாகப் பேசுவார்கள். பாவம், மனுஷன் தபால்பெட்டி மாதிரி நடுவில் கிடப்பார்.

நர்ஸ் ஒரு தடவைகூட மன்னிப்புக் கேட்கவில்லை. "நான் செஞ்சது சரி. சரியானதுக்கு எப்படி மன்னிப்புக் கேக்கிறது?" என்பாள். விதிப்படி சரிதான். அதுதான் இதில் கொடுமை. தப்பே செய்யாதவளுக்கு மன்னிப்பு என்ற வார்த்தை வாய்க்கு வரவில்லை.

கடைசியில் அக்காவே அப்பா வழியாகச் சொல்லியனுப்பினாள்: "ஞாயித்துக்கிழமை மதியம் சாப்பிட வர்றேன்னு அவகிட்ட சொல்லுங்க."

இப்போது புரிகிறதா, பூ எதற்கு என்று? வாயால் சொல்ல முடியாததை மேசையில் வைத்துச் சொல்லப் பார்க்கிறாள். அதே கார்னேஷன், அதே நிறம். அது நின்றால் அக்கா புரிந்துகொள்வாள். அது அக்கா கண்ணெதிரில் தலை தொங்கினால், இவளுக்குப் பூ என்றால் இன்றைக்கும் குப்பைதான் என்று எழுந்து போவாள். அப்புறம் வரமாட்டாள்.

4

இந்த இடத்தில் ஒரு பாத்திரத்தைக் கொண்டுவர வேண்டும். மாடிக்காரர். மாடி அறையில் குடியிருப்பவர், பத்திரிகைகளுக்கு எதையாவது எழுதுவார், கல்யாணமாகவில்லை, நல்ல மனிதர், யாருக்கும் கெடுதல் நினைக்காத—

(நிறுத்து. யார் இந்த மாடிக்காரர்? முதல் வரைவில் இவருக்கு வெள்ளைத் தாடி வைத்தேன். இரண்டாவதில் ஒரு பூனை கொடுத்தேன். மூன்றாவதில் பூனையைப் பிடுங்கிக்கொண்டேன். இவர்மேல் எனக்கு ஏன் இத்தனை கரிசனம்? நல்ல மனிதர் என்று ஒரே வாக்கியத்தில் இரண்டு தடவை சொல்ல வேண்டிய அவசியம் என்ன வந்தது?)

சரி, சொல்லிவிடுகிறேன். மாடிக்காரர் வாடகைக்கு இருப்பவர் இல்லை. பழக்கடைக்காரரின் தம்பி. நர்ஸுக்குக் கொழுந்தன். பேனா பிடித்திருக்கும் இந்தக் கை அவருடையதுதான். தாடி இல்லை, பூனையும் இல்லை. நான்தான்.

அப்பாடா. முதுகில் இருந்த மூட்டை ஒன்று இறங்கியது. இன்னொன்று இருக்கிறது.

5

சனிக்கிழமை சாயங்காலம் அண்ணி டூட்டிக்குப் போனார். மறுநாள் காலையில்தான் வருவார். ஆறு மணிக்கு நான் முகம் கழுவக் குளியலறைக்குள் போனேன். மொட்டைமாடித் தொட்டி பகலெல்லாம் காய்ந்ததில், குழாயில் வருவது குளிக்கிற பதத்தில் வெந்நீர். மதியம் குளிர்ச்சியாக இருந்த அந்தச் சின்ன அறை இப்போது அடுப்படி மாதிரி இருந்தது. பூ வாளியில் விரலை விட்டேன். வெதுவெதுப்பு.

பதறிவிட்டேன். அண்ணி அத்தனை பாடுபட்டுச் செய்தது இப்படி வெந்துபோவதா? அப்போதுதான் மண்டையில் பல்பு எரிந்தது. கீழே அண்ணனின் குளிர் அறை இருக்கிறதே. ஆணியில் சாவி தொங்குகிறது. இந்தத் தெருவிலேயே அதைவிட ஜில்லென்ற இடம் கிடையாது. வேறு யாருக்கும் இது தோன்றவில்லையே என்று என்னை நானே மெச்சிக்கொண்டு வாளியைத் தூக்கினேன்.

தூக்கிய வேகத்தில் ஒரு பூவின் காம்பு கணுவில் படக்கென்று ஒடிந்தது. அதை மாடிக்குக் கொண்டுபோய் என் எழுதும் மேசையில், தண்ணீர் குடிக்கிற டம்ளரில் செருகினேன். மற்ற இருபத்து மூன்றையும் வாழைத் தார்களுக்கு நடுவில் இறக்கிவிட்டுக் கதவைச் சாத்தினேன். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, அண்ணி வருவதற்குள், திரும்பக் கொண்டுவந்து குளியலறையில் வைத்துவிட்டேன். ஜில்லென்று, தண்ணீர்ச் சொட்டோடு, அவ்வளவு அழகாக இருந்தன. யாரிடமும் சொல்லவில்லை. சாப்பாடு முடிந்து எல்லாரும் பூவை மெச்சும்போது சொல்லிக் கைதட்டு வாங்கலாம் என்று எண்ணம்.

அண்ணி பத்து மணிக்கு வந்தார். செருப்பைக் கழற்றியதும் எண்ணினார்.

"ஒண்ணு குறையுது."

நான் சொன்னேன், சாட்சாத் நானே சொன்னேன்: "நேத்து நீங்க சரியா எண்ணியிருக்க மாட்டீங்க அண்ணி."

பதினெட்டு வருஷம் தியேட்டரில் எண்ணியவரிடம். இதை எழுதும்போது காது சுடுகிறது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், மறுபடி எண்ணினார். இருபத்து மூன்று.

பதினொன்றரைக்குச் சாடிக்கு மாற்றினார். ஜன்னல் வெயில் படாத பக்கமாக மேசையைத் திருப்பினோம். பன்னிரண்டுக்குப் பூக்களின் ஓரம் லேசாகச் சுருங்கத் தொடங்கியது. அண்ணி காம்பை மறுபடி வெட்டினார், தண்ணீரை மாற்றினார், ஐஸ் கட்டி போட்டார், ஃபேனை நிறுத்தினார். ஆஸ்பத்திரியில் ஒரு உயிருக்கு என்னென்ன செய்வாரோ அத்தனையும் செய்தார். பூக்கள் ஒவ்வொன்றாக உள்பக்கம் மடங்கி, குழந்தை கை மூடுவதுபோல மூடிக்கொண்டே வந்தன.

பன்னிரண்டரைக்கு, என்னைச் சாப்பிடக் கூப்பிட மாடியேறி வந்தார். அறை வாசலில் நின்று "தம்பி, கீழ வாங்க, அக்கா வர்ற நேரம்" என்றார். முகம் வெளிறியிருந்தது. என் மேசையில் காகிதங்கள், பேனா மூடி, டம்ளரில் ஒரு—

(இந்த வாக்கியத்தை அப்புறம் முடிக்கிறேன். அக்கா வந்துவிட்டாள்.)

6

பன்னிரண்டே முக்காலுக்கு வாசலில் குடையை மடக்கிவிட்டு அக்கா உள்ளே வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். அண்ணன் ஃபேனைப் போட்டார். அக்காவின் கண் நேரே பூவுக்குத்தான் போனது. நிறத்தைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு கணம் இளகியதை நான் பார்த்தேன். பிறகு ஒரு பூவைத் தொட்டுத் தூக்கிப் பார்த்தாள்.

"இது வெயில்ல வாடினது இல்லை. தூங்கிப்போயிருக்கு." பேச்சு அண்ணனைப் பார்த்து இருந்தது. "பழத்தோட வச்சீங்களா? காய் பழுக்கும்போது ஒரு காத்து விடும், அது பட்டா கார்னேஷன் அவ்வளவுதான். இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே. யார் வச்சது?"

காய் காயைப் பழுக்கவைக்கும் என்பதில் பிழைப்பு நடத்தும் என் அண்ணனுக்கே அது பூவையும் தீர்த்துக்கட்டும் என்று தெரியாது. வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர்ச் செம்பைப் பிடித்தபடி நின்றேன். மூன்று வினாடி.

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ. அக்கா எழுந்து குடையை எடுக்கிறாள். "இன்னிக்கும் குப்பைதானா" என்கிறாள். கதவு சாத்துகிறது. (நடக்கவில்லை. ஆனால் நடப்பதற்கு ஒரு முழம்தான் பாக்கி இருந்தது.)

ஆ. மாடிக்காரர் செம்பை வைத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தி, "வச்சது நான்தான்" என்கிறார். (சிரித்துவிடுங்கள். நானே சிரித்துவிட்டேன். என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.)

நடந்தது இதுதான். அண்ணி சொன்னார்:

"நான்தான்க்கா. ஜில்லுனு இருக்குமேன்னு கீழ குளிர் அறையில வச்சேன். எனக்குப் பூவைப் பத்தி ஒண்ணும் தெரியாதுக்கா. தப்புப் பண்ணிட்டேன். என்னை மன்னிச்சுடு." அப்புறம், "அன்னிக்கும் எனக்குத் தெரியல" என்றார்.

நான்கு வருஷத்தில் நேராக அக்கா முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் பேச்சு.

அக்கா சாடியைத் தன் பக்கம் இழுத்து, மூடிய பூ ஒன்றை விரலால் நீவிக்கொடுத்தாள். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தோம். சிரித்துக்கொண்டிருந்தாள். "பூவைப் பழுக்க வச்சிருக்கா பாருங்க இவ. ஏண்டி, பழுத்திருந்தா உரிச்சுத் தின்னிருப்பியா?" என்றாள். சொல்லி முடிக்கும்முன் அழுதாள். அப்புறம் இரண்டு பேரும் அழுதார்கள். குழம்பு ஆறிப்போனது. மாலை ஐந்து மணிவரை அந்த மேசையைவிட்டு ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

7

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் மூன்று வருஷம் கஷ்டப்பட்டிருக்க மாட்டேன்.

அக்கா அந்தக் கதையை ஊரெல்லாம் சொன்னாள். போகிற விசேஷத்தில் எல்லாம், "இவதான் பூவைப் பழுக்க வச்சவ" என்று தங்கையைக் காட்டுவாள். ஆஸ்பத்திரிவரை போய்விட்டது. பெரிய டாக்டர் கையுறை மாட்டும்போது, "சிஸ்டர், இன்னிக்கு என்ன பூ பழுத்திருக்கு?" என்கிறாராம். அண்ணி சிரித்துக்கொள்வார். கேட்டவர்களிலேயே பலமாகச் சிரித்தவன் யார் தெரியுமா? நான். வெட்கங்கெட்டவன்.

அண்ணி பழியை ஏன் ஏற்றுக்கொண்டார் என்பதற்கு நான் ஒரு விளக்கம் வைத்திருந்தேன். குளிர் அறை அண்ணனுடையது, வைத்தது அண்ணன் என்று நினைத்துக் கணவனைக் காப்பாற்றினார். வசதியான விளக்கம். அதில் நான் எங்குமே இல்லை.

இன்று பன்னிரண்டே முக்காலுக்கு அக்கா மறுபடி சாப்பிட வருகிறாள். அதே கோடை, அதே மேசை, அண்ணி வாங்கிவைத்த அதே இருபத்து நான்கு கார்னேஷன். இந்தக் காகிதங்களை மேசையில் வைத்துப் படித்துக்காட்டி, வைத்தது நான் என்று ஒப்புக்கொண்டு, அண்ணியின் பட்டப்பெயரை என் தலையில் வாங்கிக்கொள்வதுதான் திட்டம். அதற்குத்தான் இந்த அவசரம்.

இப்போது அந்த அறுந்த வாக்கியத்தை முடிக்கப் போனேன். "டம்ளரில் ஒரு." டம்ளரில் ஒரு என்ன?

பொறுங்கள். டம்ளரில் ஒரு கார்னேஷன் இருந்தது. பழத்தோடு போகாத ஒரே பூ. வெயில் கொதிக்கும் மாடி அறையில், முழுசாக விரிந்து, ஜம்மென்று நின்றது. ஆறு நாள் வாடவில்லை அது. கீழே இருபத்து மூன்றும் மூடிக்கொண்டிருக்கும்போது, குறைந்துபோன இருபத்து நான்காவதை அண்ணி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் அவர் முகம் வெளிறியிருந்ததைப் பார்த்தேனே ஒழிய, கண் எங்கே இருந்தது என்று பார்க்கவில்லை.

அக்கா "யார் வச்சது" என்று கேட்பதற்கு முன்பே, பூவில் கை வைத்தது நான் என்று அண்ணிக்குத் தெரியும்.

தெரிந்தும் "நான்தான்" என்றார். யாரையும் காப்பாற்றுவதற்காக அல்ல. எழுத எழுதத்தான் புரிகிறது. நான்கு வருஷமாக மன்னிப்புக் கேட்க அவருக்கு ஒரு தப்பு வேண்டியிருந்தது. அவரிடம் இல்லை. என்னுடையதை எடுத்துக்கொண்டார்.

இதை நான் இத்தனை நாள் எழுதாமல் இருந்ததே நல்லது. இல்லை, எழுதியது நல்லது. எனக்கு எழுந்து ஆட வேண்டும்போல் இருக்கிறது. கூடவே ஒரு சங்கடம். நான் இன்று ஒப்புக்கொண்டால் அந்தத் தப்பை அவரிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறேன். அக்கா என்ன நினைப்பாள்? அன்றைக்குக் கேட்ட மன்னிப்பே பொய் என்பாளா? பேசாமல் இருந்தால், என் தப்பைச் சுமந்துகொண்டு அண்ணி இன்னும் எத்தனை விசேஷத்தில் சிரிப்பார்?

குளித்துவிட்டு வந்து முடிவெடுக்கிறேன்.

8

குளித்துவிட்டு வந்தேன். மணி பன்னிரண்டு நாற்பது.

கலைத்துப் போட்டுவிட்டுப் போன காகிதங்கள் ஓரம் தட்டி, வரிசைப்படுத்தி, கிளிப் போட்டு இருக்கின்றன. அடிக்குறிப்பு இருக்கும் பக்கம் மேலே இருக்கிறது. பக்கத்தில் என் தண்ணீர் டம்ளர். அதில் ஒரு கார்னேஷன், சாய்வாக வெட்டிய காம்போடு.

(இப்படி ஒரு முடிவை நான் கற்பனை பண்ணியிருந்தால் நானே அடித்திருப்பேன், ரொம்பத் திட்டம் போட்டதுபோல இருக்கிறது என்று. நான் செய்யவில்லை. என் மேசையில் யாரோ கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.)

கீழே வாசல் மணி அடிக்கிறது. அண்ணன் கதவைத் திறக்கிறார். குடை மடங்கும் சத்தம். "என்னடி, இந்த வருஷம் பூ பழுத்துச்சா?" என்று அக்கா கேட்கிறாள். அண்ணி சிரிப்பது கேட்கிறது. உடனே, படிக்கட்டுக்குக் கீழே நின்று என்னைக் கூப்பிடுகிறார். அக்காவுக்கும் கேட்கிற குரலில்தான் கேட்கிறார்.

"தம்பி, பூவை எண்ணிட்டேன். இருபத்தி மூணு இருக்கு. சரியா எண்ணியிருக்கேனா?"

டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு படியில் வந்து நிற்கிறேன். காகிதத்தைச் சுவரில் வைத்து இந்த வரியை எழுதுகிறேன். "சரிதான் அண்ணி" என்று சொல்லலாம். "ஒண்ணு என்கிட்ட இருக்கு அண்ணி" என்றும் சொல்லலாம். கீழே இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எண்ணிக்கை சரியாகும்வரை ஒருவரும் நகரக் கூடாது. நீங்களும்தான். பதிலை நீங்கள் சொல்லுங்கள்.